அழித்த பேட்டி

திருநின்றவூர் தாண்டியதும் நெஞ்சை அடைத்தது. மின்சார ரயிலில் நெஞ்சு அடைப்பது அதிசயமில்லை. ஆனால் அன்று கூட்டமே கிடையாது, உட்கார இடம்கூடக் கிடைத்திருந்தது. விரல்கள் மரத்துப்போயின. காதுக்குள் கிரைண்டர் ஓடியது. சாகப்போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆவடியில் இறங்கி நான் செய்த முதல் காரியம், சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டது. பிணமானாலும் பார்க்கும்படி இருக்க வேண்டாமா?

“இன்னா அண்ணாத்தே, நெஞ்சப் புட்ச்சிகினு கீறே? ஏறு, ஏறு,” என்று ஆட்டோக்காரர்தான் மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இசிஜி (இதயத் துடிப்பைத் தாளில் பதியும் சோதனை) சரியாக இருந்தது. நம்பாமல் இன்னொரு இடத்தில் எடுத்தேன். பிறகு இன்னொரு இடத்தில். அந்த டாக்டர் எல்லாத் தாள்களையும் பரப்பிப் பார்த்துவிட்டு, “இதயம் நல்லா இருக்கு சார். அதுல உங்களுக்கு என்ன வருத்தம்?” என்றார்.

பேனிக் டிஸார்டர் (ஆபத்தே இல்லாத நேரத்தில் உடம்பு ஆபத்து மணியை அடிக்கும் கோளாறு) என்றார். மாத்திரை எழுதினார். மனநல ஆலோசகர் ஒருவரிடம் தொடர்ந்து பேசவும் வேண்டும் என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தலை நரைத்த பிறகு நான் செய்துகொண்டிருந்த முனைவர் பட்ட ஆய்வே மனநல ஊழியர்களைப் பற்றியது. நம் புறநகர்ப் பக்கம் ஏன் அவர்கள் இவ்வளவு குறைவு, இருப்பவர்கள் ஏன் களைத்து விலகுகிறார்கள் என்பதுதான் கேள்வி. நாங்கள் குடியிருக்கும் வேப்பம்பட்டிலிருந்து என் மனைவி ஸ்டெல்லாவின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு போகக்கூடிய தூரத்தில் இருந்த ஆலோசகர், எனக்குத் தெரிந்து, ஆவடியில் எஸ்தர் ஒருவர்தான். அவரை நான் ஏற்கெனவே பேட்டி கண்டிருந்தேன். ஆய்வின் உயிரே அந்தப் பேட்டிதான். மற்றவர்களிடம் போக ரயில் ஏற வேண்டும். ரயில் ஏற முடிந்தால் எனக்கு ஆலோசகர் எதற்கு?

“ஆளே இல்ல, ஆளே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தீங்க,” என்றாள் ஸ்டெல்லா. “இருந்த ஒருத்தங்களையும் பேட்டி எடுத்துட்டு வந்துட்டீங்க.”

எஸ்தர் தெளிவாக இருந்தார். “ரெண்டுல ஒண்ணுதான் சார். நீங்க கேட்டு நான் சொல்றதா, நான் கேட்டு நீங்க சொல்றதா?”

“ஒரு டீயில ரெண்டையும் முடிச்சிடலாமே மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. “உங்க ஆய்வுல நான் எப்படி வருவேன்னு நெனச்சிகினே உங்க பேச்ச என்னால கேக்க முடியாது. நீங்களும் எனக்குப் புடிச்ச மாதிரியே பேசுவீங்க.”

யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டேன். யாருடைய உதவியும் வேண்டாம் என்று நிரூபிக்க மறுநாள் தனியாக ரயில் ஏறினேன். நெமிலிச்சேரியில் இறங்கிவிட்டேன். அடுத்த வண்டியும் போனது, அதற்கடுத்ததும் போனது. பிளாட்பார பெஞ்சில் என் கையை நானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா வந்து அழைத்துப்போனாள்.

வீட்டுக்கு வந்ததும் பேட்டியை அழித்தேன்.

“அந்த அத்தியாயம் ஓட்டையா நிக்குமே சார்!” என்றார் ஆய்வு நெறியாளர்.

“நிக்கட்டும் மேடம். நான் நிக்கிறேனான்னு முதல்ல பாக்கலாம்.”

எஸ்தரிடம் முதல் நாள் முழுக்க ஜோக்காகச் சொல்லித் தள்ளினேன். அவர் காத்திருந்தார். சரக்கு தீர்ந்ததும் அழுதேன்.

உங்களுக்கும் இப்படி வந்தால் முதலில் இதயத்தைக் காட்டிவிடுங்கள். அதைத் தவிர்க்கக் கூடாது. ஒன்றுமில்லை என்ற பிறகு என்னைப்போல் இசிஜி சேகரிக்காதீர்கள். பேசப் போங்கள். பயந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பழக்குவார்கள். நான் ஒவ்வொரு ஸ்டேஷனாக ரயிலை மீட்டேன். பலமுறை பாதியில் இறங்கித் திரும்பியும் இருக்கிறேன்.

எனக்கு முன் வந்தவர் கிளம்பியதும் எஸ்தர் சற்று நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏனென்று எனக்குத் தெரியும். அழித்த பேட்டியில் இருந்தது; எழுத எனக்கு உரிமையில்லை. வாசலில் செருப்பை மெதுவாகக் கழற்றுவேன்.

நேற்று இந்துக் கல்லூரி ஸ்டேஷனுக்கும் ஆவடிக்கும் நடுவே வண்டி நின்றது. நெஞ்சு அடைத்தது. கை தானாகச் சட்டைப்பையிலிருந்த சீப்புக்குப் போயிற்று. வேண்டாமென்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் நின்றதென்று பார்க்கவில்லை. வண்டி கிளம்பியபோது தலை கலைந்தே இருந்தது.