முதல் பக்கத்தில் ஒரு தப்பு

அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

2006 வாக்கில் சிதம்பரத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். கடலூரிலிருந்து தினமும் பஸ். அஞ்சல் வழியில் எம்.ஏ. படிப்பவர்களுக்கு அமெரிக்க அரசியலமைப்புப் பற்றிப் பாடப்புத்தகம் எழுதித் தரச் சொன்னார் துறைத்தலைவர். நான்கு மாதம் உட்கார்ந்து எழுதினேன். அச்சாகி வந்தபோது முதல் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. என் பெயர் நன்றியுரையில்கூட இல்லை.

போய்க் கேட்டேன். "யார் எழுதுனா என்னம்மா, பாடம் போய்ச் சேந்தா சரிதான" என்றார். நிர்வாகத்துக்குப் புகார் கொடுத்தேன். விசாரிக்கச் சொல்லி அதை அவருக்கே அனுப்பி வைத்தார்கள். சட்டம் இயற்றுவது, நடத்துவது, தீர்ப்புச் சொல்வது மூன்றும் ஒரே கையில் சேரக் கூடாது, அதனால்தான் அமெரிக்காவில் மூன்றையும் பிரித்து, ஒன்றை ஒன்று தடுக்கும்படி வைத்தார்கள் என்று அந்தப் புத்தகத்தில் நான்தான் எழுதியிருந்தேன். அவர் அதைப் படித்திருந்தால்தானே? புகாரில் உண்மையில்லை என்று அவரே எழுதி முடித்துவிட்டார்.

வயிற்றெரிச்சலோடு புத்தகத்தை வரி வரியாகப் படித்தேன். அப்போதுதான் என் தப்பு கண்ணில் பட்டது. நம்மூர் சட்டசபை ஞாபகத்தில், நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் அதிபர் பதவி விலக வேண்டும் என்று ஓரிடத்தில் எழுதித் தொலைத்திருந்தேன். அமெரிக்காவில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெயர் அவருடையது, தப்பும் அவரிடமே இருக்கட்டும் என்று காத்திருந்தேன். அதை நம்பிப் பரீட்சை எழுதியவர்களை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்த வருஷம் கடலூரில், அஞ்சல் வழி மாணவர்களுக்கு நேரில் பாடம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை காண்டாக்ட் கிளாஸ். அவர் வந்து புத்தகத்தை அப்படியே வாசித்தார். வருகைப் பதிவு எடுக்க வந்த நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். அந்த வரி வந்ததும், திட்டக்குடி தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்தார்.

"சார், நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு அதிபர எறக்க சபைக்கு அதிகாரமே இல்லன்னு ரெண்டாவது பாடத்துல இருக்கே. இங்க வேற மாதிரி போட்டிருக்கு."

துறைத்தலைவர் பக்கங்களைப் புரட்டினார். அவருக்கு வேர்த்தது. என்னைப் பார்த்தார். நான் வருகைப் பதிவேட்டில் குனிந்துகொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. கடைசியில் தப்பித்தால் போதும் என்று என் பக்கம் கையை நீட்டினார்.

"இத நான் எழுதல. அந்த மேடம்தான் எழுதுனாங்க."

எழுந்தேன். "ஆமா, மொத்தப் புத்தகமும் நான்தான் எழுதுனேன். இந்தத் தப்பும் என்னுதுதான்" என்றேன்.

நேராகப் போய் சாக்பீஸை எடுத்தேன். கீழ்ச்சபை குற்றம்சாட்டி, மேல்சபையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு பேர் குற்றவாளி என்றால்தான் அதிபரை இறக்க முடியும் என்று விளக்கி, அந்த வரியைத் திருத்த வைத்தேன். பிறகு, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, முதல் பக்கத்திலும் ஒரு தப்பு இருக்கிறது, அதையும் திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லி, என் பெயரைப் போர்டில் பெரிதாக எழுதினேன்.

எல்லோரும் பேனாவை எடுத்தார்கள். திட்டக்குடிக்காரர் துறைத்தலைவர் பெயரை ஸ்கேல் வைத்து அடித்தார்.