ஜோரான வைக்கோல்

யுத்த காலத்தில் திருத்தணி ரயிலடியில் பார்சல் கட்டுபவர் ஒருவர் இருந்தார். ஒட்டிய கன்னம், காதிடுக்கில் கோணி ஊசி. அக்காவின் சீருக்காக நிலைக்கண்ணாடி ஒன்றை அனுப்ப அவரிடம் போனேன். அதை மரச்சட்டங்களுக்கு நடுவே நிறுத்தியவர், சுற்றிலும் திணிக்க வேண்டிய வைக்கோலில் கொஞ்சம் எடுத்து மென்றார்.

"என்னங்க, பசியா?" என்றேன்.

"ருசி பாக்கறேங்க. நல்லா இருந்தா, எறங்குற ஊர்ல வண்டி மாடு சட்டத்து சந்துல வாயவுட்டு பூரா துன்னுடும். அப்புறம் கண்ணாடி தூள்தான்."

"இது ஜோரா கீது" என்று துப்பிவிட்டு அந்த வைக்கோல் கட்டை ஒதுக்கினார். அடுத்த கட்டை மென்றதும் முகம் கோணியது. திருப்தியோடு அதையே திணித்தார்.

கண்ணாடி கீறலின்றிப் போய்ச் சேர்ந்தது. மாட்டின் நாக்கு அவருக்கு எப்படி வாய்த்ததோ, இன்றும் விளங்கவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், ஒதுக்கிய கட்டிலிருந்து நானும் ஒரு வாய் மென்று பார்த்திருந்தேன்.

ஜோராகத்தான் இருந்தது.