விலாசம் சொல்லாத பைக்காரம்மா

என் கூடப் பிறந்த தங்கை எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதை ஏழு மாதம் என்னிடம் சொல்லாமலே வைத்திருந்தார் பைக்காரம்மா. பத்து வருடம் ஆகிறது, இன்னும் எனக்கு ஆறவில்லை. போன மாதம் அவர் இறந்துவிட்டார். செத்தவர் மேல் என்ன கோபம் என்று வீட்டில் கேட்கிறார்கள். வருகிறதே, என்ன செய்ய?

பெண்களுக்கான ஓர் அமைப்பில் அவர் களப்பணியாளர். தோளில் எப்போதும் கறுப்பு ரெக்சின் பை தொங்கும், அதனால் அந்தப் பேர். என் வெல்டிங் பட்டறையில் அவருக்கு வேறு பேர், குடும்பம் பிரிக்கிறவ. இரங்கல் கூட்டத்து பேனரில் 'அன்பின் வடிவம்' என்று அடித்திருந்தார்கள். அந்தம்மாவிடம் ஒரு தடவை பேச்சு வாங்கியவன் அப்படி அடிக்க மாட்டான்.

தங்கையின் புருஷன் என் சிநேகிதன். நான்தான் பார்த்துக் கட்டி வைத்தேன். ஒரு நாள் என் வீட்டில், என் கண் முன்னால், அவளைப் பிடித்துத் தள்ளினான். சமையல் மேடையில் மோதித் தோள்பட்டை எலும்பு முறிந்தது. நான் அவனை இழுத்து உட்கார வைத்தேன். அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, "விடும்மா, கோவத்துல பண்ணிட்டான்" என்றேன். தடுக்கி விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் நான்தான். அங்கிருந்த நர்ஸ் நம்பவில்லை. மறுநாள் நான் போனபோது கட்டில் காலி. பைக்காரம்மா வந்து கூட்டிப்போய்விட்டார் என்றார்கள்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் அவர்கள் ஆபீஸ். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவர் முழுக்கப் போஸ்டர். எத்தனை பெண்கள் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று கலர் கலராகக் கோடு போட்ட ஓர் அட்டை. இதில் என் தங்கை எந்தக் கோடு என்று யோசித்தேன்.

"என் தங்கச்சி எங்க?"

"நல்லா இருக்காங்க."

"எங்கன்னு கேட்டேன்."

"நீங்க யாருக்காகக் கேக்கறீங்க?"

"இது என்னம்மா கேள்வி? நான் அண்ணன்!"

"அது தெரியுது. யாருக்காகன்னு கேட்டேன்."

மேசையில் ஓங்கித் தட்டினேன். அந்தம்மா தண்ணீர் டம்ளரை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "இப்பத் தட்டுங்க, பேப்பர் நனையாது" என்றார்.

எனக்குச் சந்தேகம் முற்றியது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தால் பெண்களை வரிசையாக உட்கார வைத்துக் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கேட்டே விட்டேன். "ஆமா, காட்டறோம். தைரியமா வெளிய நடமாடறவங்கள. ஒளிஞ்சிருக்கறவங்களக் காட்ட மாட்டோம்" என்றார். புருஷனை விட்டு வந்தவளாகத்தான் இருக்கும், அதனால்தான் மற்றவர்களையும் பிரிக்கிறாள் என்று பட்டறையில் முடிவு கட்டினோம். விசாரித்தேன். புருஷன் தபால்காரர். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் பெண்டாட்டிக்காகக் குடையோடு காத்து நிற்கிறவர். வீட்டில் பாத்திரம் தேய்ப்பதும் அவர்தானாம். இது இன்னும் சந்தேகமாகப் பட்டது.

பைக்கில் அந்தம்மாவின் பின்னாலேயே போனேன். துணிக்கடைக்குள் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியே வருவார், பஸ் மாறுவார். ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஊரெல்லாம் சுற்ற விட்டு, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவை நிறுத்தி இறங்கினார். நேராக என்னிடம் வந்து, "அண்ணே, பெட்ரோல் இன்னும் இருக்கா?" என்றார்.

கடிதம் எழுதினால் தங்கையிடம் தருவார்களாம். ஆனால் நம் எதிரிலேயே பிரித்துப் படித்த பிறகுதான். ஏழாவது வாரம் ஒன்று எழுதிக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"கையெழுத்து உங்களுது. வார்த்தை உங்களுது இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"'நீயின்றி இல்லம் களையிழந்து காணப்படுகிறது'. வெல்டிங் பட்டறையில யாரு இப்படிப் பேசறா? ஏழு வாரமா என்கிட்ட கத்தறீங்களே, ஒரு தடவை இப்படிக் கத்தியிருக்கீங்களா?"

லாரி ஆபீசில் கிளார்க்காக இருக்கும் மச்சான், அதாவது தங்கையின் புருஷன், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதியது அது.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நான் மட்டும் நிப்பேன்னு இருக்கு. நீங்க மட்டும்தானா?"

"அவன் சும்மா பேசறதுக்கு வருவான். அவ்வளவுதான்."

"நான் பன்னெண்டு வருஷம் சினிமா கொட்டகையில டிக்கெட் குடுத்தவ அண்ணே. தனக்கு வாங்கறவன் யாரு, அடுத்தவனுக்காக வரிசையில நிக்கறவன் யாருன்னு முகத்தப் பாத்தாலே தெரியும்" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

கடிதம் திரும்பி வந்ததை மச்சானிடம் நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம் பழக்கடை மறைவில் போய் நின்றேன். அவன் வந்திருந்தான். கூட லாரி ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர். கதவைத் திறந்து வைத்து, இஞ்சினை அணைக்காமல் ஒரு வேன். சும்மா பேசுவதற்கு எதற்கு வேன்? என் போன் நாலு தடவை அடித்தது. எடுக்கவில்லை.

இதைப் போய் அந்தம்மாவிடம் சொல்லவில்லை. வீம்பு. மச்சான் மேல் தங்கை போட்ட வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவரே பட்டறைக்கு வந்தார். உட்காரவில்லை. டீ சொன்னேன், வேண்டாம் என்றார். வழக்கு உள்ளவர்களிடம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம், யார் பக்கமோ சாய்ந்துவிட்டதாகப் பேசுவார்களாம்.

"அவங்க தானா தடுக்கி விழுந்ததா உங்க மச்சான் எழுதிக் குடுத்திருக்கார். பக்கத்துல இருந்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க வாய் திறக்கலைன்னா வழக்கு நிக்காது. திரும்ப அந்த வீட்டுக்குத்தான் போகணும்னு சொல்லிடுவாங்க."

"ஓ, இதுக்குத்தான் இத்தனை மாசம் என்னைப் பக்குவம் பண்ணீங்களா?"

"உங்களையா? பக்குவமா? நீங்க அந்தப் பக்கம் சாட்சி சொல்லிடுவீங்களோன்னு இன்னி வரைக்கும் பயந்துக்கிட்டு இருக்கேன்."

முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ் ஸ்டாண்டில் பார்த்ததை அப்போதுதான் சொன்னேன். அந்தம்மா சிரிக்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து வேன் நம்பர் கேட்டார்.

தீர்ப்பு தங்கை பக்கம் வந்தது. இப்போது மருந்துக் கடையில் பில் போடுகிறாள், தனியாக வாடகைக்கு இருக்கிறாள். பைக்காரம்மா பிறகு என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் தலையை ஆட்டுவார். அப்போதும் என்னை முழுசாக நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

கடைசியாகக் கேட்டது, நான் சாட்சி சொல்லப் போன அன்று கோர்ட் படிக்கட்டில். உள்ளே என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தம்மா கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உள்ள போனா என் பக்கம் திரும்பாதீங்க அண்ணே. நான் சொல்லிக்குடுத்துப் பேசறீங்கன்னு வக்கீல் புடிச்சுக்குவார். தங்கச்சி மூணாவது பெஞ்சில இருக்காங்க, அவங்களப் பாத்துச் சொல்லுங்க. உங்க மச்சான் பண்ணதச் சொன்னதும், நீங்க என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. அதையும் ஒளிக்காமச் சொல்லுங்க."