ஃபவுல் சொல்லும் பெண்கள்

எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால் ஒரு கூடம் இருக்கிறது. கல்யாண வரவேற்பு, ரத்ததான முகாம், வாடகை தராமல் நழுவும் நாட்டிய வகுப்பு எல்லாம் அங்கேதான். ஞாயிறு சாயங்காலம் மட்டும் கேரம். அதை நடத்துகிறவள் நான். நடத்துகிறேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. எனக்கு ஸ்ட்ரைக்கரை நேராகச் சுண்ட வராது.

கால்வாய் ஓரத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஏதாவது விளையாட்டு ஆரம்பிக்க வேண்டும், அப்படியே நாலு நல்லதும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஃபாதர் ஒரு கூட்டம் போட்டார். கிரிக்கெட் என்றார் ஒருவர். மட்டையின் விலையைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். வாலிபால் என்றார் இன்னொருவர். எல்லோரும் கோயிலின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்தோம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கேரம்னா செலவும் இல்ல, ஜன்னலும் உடையாது" என்றேன். சொன்னவளே செய்யட்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மயிலாப்பூரில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தவை எங்கள் இரண்டு பலகைகள். ஒன்றின் மூலைப் பையில் வலை கிடையாது. காய் நேராகத் தரையில் விழுந்து உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விடும். பவுடர் தீர்ந்தால் என் முகப் பவுடர். அந்த ஞாயிறுகளில் கூடம் முழுக்க மல்லிகை வாசனை.

தொடங்கும் முன் ஒரு நிமிடம் ஜெபம். அவரவர் சாமியை அவரவர் கும்பிடலாம் என்பது ஃபாதர் போட்ட ஒப்பந்தம். வந்த பிள்ளைகளில் இரண்டு பேர் துவா கேட்டார்கள். மற்றவர்கள் தங்கள் தெரு அம்மனிடம் சிவப்புக் காயைக் கேட்டார்கள். நான் மாதாவிடம் பொறுமை கேட்டேன். மாதா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

முதல் மாதமே ஒரு பெரிய சண்டை. ஒருத்தியின் சுண்டுவிரல் காயில் பட்டது, ஃபவுல் என்றாள் எதிரே இருந்தவள். படவே இல்லை என்றாள் இவள். அடுத்த நிமிடம் இருவர் தலையிலும் பவுடர், இருவர் கையிலும் மற்றவளின் சடை. ஓங்கி ஒன்று வைத்துவிடுவேனோ என்று பயந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். கூடம் அமைதியானது. நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்து எல்லோரும் கண்ணை மூடிவிட்டார்களாம்! கொஞ்ச நேரத்தில் ஒரு குரல்: "பட்டுச்சுப்பா. லைட்டா."

அன்றிலிருந்து அது எங்கள் கூடத்தின் சட்டமாகிவிட்டது. நடுவர் கிடையாது. ஃபவுல் செய்தவள் தானே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாரும் குற்றம் சாட்டக் கூடாது. சுற்றி இருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், அவள் சொல்லும்வரை. ஃபாதர் இதைக் கேட்டு உருகிப்போய் ஒரு ஞாயிற்றுப் பிரசங்கத்தில் வேறு சொல்லிவிட்டார். அது என் கோபத்தில் பிறந்தது என்று நான் திருத்தவில்லை. நல்ல பெயர் சும்மா வரும்போது யார் வேண்டாம் என்பார்கள்?

பிள்ளைகளில் ஒருத்தி இடது கைக்காரி. பன்னிரண்டாம் வகுப்பு. காயைப் பார்க்க மாட்டாள், பையைத்தான் பார்ப்பாள். காய் தானாக நடந்து போய் விழும். ஃபாதர் ஒருமுறை அவளோடு ஆட உட்கார்ந்து, ஒரு காய்கூடப் போடாமல் எழுந்து, "ஆசீர்வாதமா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மாவட்ட அணிக்குத் தேர்வு என்று தெரிந்ததும் அவள் பெயரைக் கொடுத்தேன். அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு முயலலாம்.

அவள் அம்மா ஆழ்வார்பேட்டையில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறவர். என்னை வீட்டு வாசலில் நிற்க வைத்தே பேசி முடித்தார். "இந்த வாட்டி எடுத்தாங்கன்னா காலேஜி. இல்லாங்காட்டி டி.நகர் துணிக்கடைல சொல்லி வெச்சிகிறேன். அவ்ளோதான். அப்பால என்னாண்ட வந்து நிக்காதீங்க."

தேர்வு கிண்டி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். கடைசி இடத்துக்கு இரண்டு பேர் மிச்சம்: நம் இடது கைக்காரியும், சொந்தமாகத் தோல் பையில் ஸ்ட்ரைக்கர் கொண்டுவந்த ஒரு பெண்ணும். அந்தத் தோல் பையைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டம் இழுத்துக்கொண்டே போய்க் கடைசி போர்டில் நின்றது. நம்மவளுக்கு ஒரே ஒரு வெள்ளைக் காய் பாக்கி. அதுவும் பையின் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. ஊதினால் விழும்.

அவள் ஸ்ட்ரைக்கரை வைத்தாள். வைக்கும்போது அவள் புறங்கை பக்கத்திலிருந்த கறுப்புக் காயில் பட்டது. காய் ஒரு நூல் நகர்ந்தது. நடுவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோல் பைக்காரி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பார்த்தது நான் ஒருத்திதான்.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது ஃபாதரும் நினைவில் இல்லை, மாதாவும் இல்லை. துணிக்கடை மட்டும்தான் கண்முன் நின்றது. நான் எதையும் பார்க்கவில்லை, நீ அடி என்று சொல்வதற்காகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூடிய பிறகுதான் உறைத்தது. எங்கள் கூடத்தில் கண்ணை மூடினால் என்ன அர்த்தம்? பதறிப்போய்த் திறப்பதற்குள் அவள் கையைத் தூக்கிவிட்டாள். "சார், கை பட்டுச்சு. ஃபவுலு."

அவள் போட்டிருந்த காய்களில் ஒன்றை எடுத்துத் திரும்பப் பலகையில் வைத்தார்கள். முறை அந்தப் பெண்ணுக்குப் போனது. அவள் நான்கே அடியில் ஆட்டத்தை முடித்துவிட்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது நம்மவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றாள். எனக்கும் ஒரு பிடி கொடுத்தாள், கையிலேயே வைத்திருந்தேன். கண்ணை மூடியது எதற்கென்று சொல்லிவிட வேண்டும் என்று சைதாப்பேட்டையில் நினைத்தேன், நந்தனத்தில் நினைத்தேன், இறங்கும்வரை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அவள் அம்மா சொன்ன சொல் மாறாதவர். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு அவளை டி.நகர் கடையில், மூன்றாவது மாடியில், பட்டுப் பிரிவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் நெரியும். அவளுக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமைதான். நான் கேரமைச் செவ்வாய்க்கு மாற்றினேன். நாட்டிய வகுப்புக்காரரோடு இதற்காகப் போட்ட சண்டை தனிக்கதை. "திடீர்னு எதுக்கும்மா செவ்வாய்?" என்றார் ஃபாதர். "காத்தோட்டமா இருக்கும் ஃபாதர்" என்றேன். என்ன உளறுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

முதல் செவ்வாய் அவள் எல்லோருக்கும் முன்னால் வந்து பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலெல்லாம் வீங்கியிருந்தது, நாள் முழுக்க நிற்கிற வேலை. அதைப் பார்த்ததும் அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அன்னிக்கு நான் கண்ண மூடினேனே, அது உன்னைச் சொல்லச் சொல்லி இல்லடி. சொல்லாதேன்னுதான் மூடினேன்."

அவள் துணியை உதறினாள். "தெரியும் ஆன்ட்டி."

"தெரியுமா?"

"சொல்லச் சொல்லி மூட்னா உங்க மூக்கு வெடச்சிக்கும். அன்னிக்கு வெடைக்கல. பயந்துபோயி மூட்னீங்க."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "தெரிஞ்சும் ஏண்டி சொன்ன? காலேஜ் போயிருக்கலாமே! யாருக்குத் தெரியப்போவுது?"

"நா ஒருத்தி மட்டும் பாத்திருந்தா கம்முனு அட்ச்சிட்டுப் போயிருப்பேன் ஆன்ட்டி. சத்தியமா." அவள் மூலையில் பவுடரைத் தட்டினாள். "நீங்களும் பாத்துட்டீங்க. அப்பால காலத்துக்கும் என் பொய்ய நீங்களும் சேந்து தூக்கிக்கினு திரியணும். கோயிலாண்ட இருக்கறவங்க, உங்களுக்கு இன்னாத்துக்கு அந்தப் பாவம்?"

மற்ற பிள்ளைகள் சத்தமாக உள்ளே வந்தார்கள். ஜெபத்துக்கு வட்டமாக நின்றோம். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் முடியவில்லை. இவர்களை நல்வழிப்படுத்தத்தான் என்னை இந்தக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். என்னைப் பாவத்திலிருந்து காப்பாற்றியதற்காக ஒரு பெண் கல்லூரியை விட்டுவிட்டு மூன்றாவது மாடியில் நிற்கிறாள்.

மறுநாள் காலை, அவள் அம்மா இரண்டாவது வீட்டு வேலைக்குக் கிளம்பும் முன், அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். வந்து நிற்காதீர்கள் என்று சொன்ன அதே வாசலில்தான். தோற்றது உங்கள் பெண் அல்ல, நான்தான் என்று ஆரம்பித்தேன். அவர் கையிலிருந்த தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "உள்ள வந்து உக்காந்து சொல்லு" என்றார்.