மாதாவின் காலடியில் பச்சைப் புத்தகம்

என் பேனாட் மாமாவிடம் துப்பாக்கிகள் இரண்டுதான் இருக்கின்றன. துப்பாக்கிகளைப் பற்றிய புத்தகங்களோ வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்க நிற்கின்றன. மன்னாரில் துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனிசன் இங்கே கனடாவுக்கு வந்து துவக்கு வாங்கி வைத்திருக்கிறார் என்று எங்கள் தேவாலயப் பங்கு ஆட்கள் சிரிப்பார்கள். அந்த இரண்டாலும் மாமா ஒரு தடவையும் சுட்டதில்லை. முறையாக உரிமம் எடுத்து, விசைக்குப் பூட்டுப் போட்டு, இரும்பு அலுமாரிக்குள் வைத்திருக்கிறார்.

கோட்-டெ-நெய்ஜ் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவது அவர் வேலை. செயின்ட்-மிஷேலில் இருக்கும் வீட்டுக்கு வந்தால் புத்தகம்தான். கதைப் புத்தகமாக இருந்தாலாவது பரவாயில்லை. எந்தத் தொழிற்சாலை எந்த ஆண்டில் எந்த எண்வரை செய்தது, எந்த முத்திரையை எங்கே குத்தியது, எந்தத் திருகாணியை எப்போது மாற்றியது என்று பக்கம் பக்கமாக அட்டவணை. முதலில் புத்தகம் வாங்க வேண்டும், பிறகுதான் துப்பாக்கி வாங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பழைய துப்பாக்கி சேர்ப்பவர்களில் பலர் அதைத் தலைகீழாகச் செய்துவிட்டு அவருக்குத் தொலைபேசி எடுப்பார்கள். அவர்களுக்கும் மாமா உடனே பதில் சொல்லமாட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பார். அவர் பார்த்து முடிப்பதற்குள் கேட்டவருக்குப் பொறுமை போய்விடும். மேல்மாடியில் குடியிருக்கும் எனக்கும் பல தடவை போயிருக்கிறது.

ஒக்டோபரில் எங்கள் பங்கின் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு கிழமை தங்கும். பங்கு ஆட்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து தூக்கும்வரை அதை யாரும் அசைப்பதில்லை. கடந்த ஒக்டோபரில் மாமா வீட்டுக்கு முறை வந்தபோது செலீன் மாமி பீடம் கட்ட உயரம் தேடினார். சுவரிலிருந்த தடித்த புத்தகங்களை இறக்கி, மூன்று படியாக அடுக்கி, வெள்ளைச் சேலையால் மூடினார். மாமா வேலையால் வந்தபோது மாதா ஏறி நின்றுவிட்டார். மாமா வெறும் தட்டுகளைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், பிறகு முழங்காலில் நின்று செபமாலையில் சேர்ந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை தேவதாசன் வந்தார். மாமாவின் ஊர்க்காரர், வில்லரேயில் பழைய வீடு ஒன்று வாங்கியவர். அவர் மனைவி சிசிலி அந்த வீட்டிலேயே சிறு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கார்டெரி நடத்துகிறார். அவர்கள் சீவியம் அதில்தான் ஓடுகிறது. அன்று நிலவறைச் சுவரொன்றை உடைத்தபோது உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய ரைபிள் ஒன்று கிடந்தது. தேவதாசனிடம் உரிமம் இல்லை. வியாழக்கிழமை கார்டெரி அனுமதியைப் புதுப்பிக்க ஆய்வாளர் வருகிறார். உரிமமில்லாத துப்பாக்கி வீட்டில் இருந்தால் அனுமதி போய்விடும் என்று சிசிலி அழுதுகொண்டிருக்கிறாராம்.

பொலிஸைக் கூப்பிடலாமே என்றேன். தேவதாசன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. வீட்டில் துவக்கு இருக்கிறது என்று தானாகப் பொலிஸுக்குச் சொன்ன தமிழன் யாரையாவது தெரியுமா என்று கேட்டார்.

அவர் இணையத்தில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். 1898-க்கு முன் செய்யப்பட்ட, குறிப்பிட்ட சில தோட்டா வகைகளுக்கான பழைய ரைபிள் என்றால் கனடாவில் உரிமம் தேவையில்லை. அவருடைய ரைபிள் அந்தக் காலத்து வகைதான் என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். நானும் தேடினேன். எனக்கும் அதுவே வந்தது. மூன்றாமவர் இரண்டாமவரின் வரிகளை அப்படியே ஒட்டியிருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

"அண்ணை, ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் போறன்," என்றார் தேவதாசன்.

"வகை பழசுதான். ஆனா அதை முப்பது வருசத்துக்கு மேலை செய்தவங்கள். உங்கடை எந்த வருசம் எண்டு நம்பரைப் பாத்துத்தான் சொல்லலாம்."

தேவதாசனின் தொலைபேசியில் படங்கள் இருந்தன. ஒன்றில் அவருடைய பெருவிரல், மற்றதில் இருட்டு. சிசிலியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, விசையைத் தொடாமல், குழலைச் சுவர்ப்பக்கம் பார்க்க விட்டு, எண்ணை வாசிக்கச் சொன்னார் மாமா. எண் வந்தது. இனிப் புத்தகம் வேண்டும். பச்சை அட்டைப் புத்தகம். அது அடிப்படியில், மாதாவுக்கு நேர் கீழே இருந்தது.

செலீன் மாமி குறுக்கே வந்து நின்றார். ஞாயிறுவரை முடியாது என்றார். பிறகுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது.

"அப்ப மாதா துவக்குப் புத்தகத்துக்கு மேலையே நிக்கிறா?"

"நீர்தானே ஏத்தி விட்டனீர்," என்றார் மாமா.

எனக்குத் தலை வெடித்தது. ஆய்வு நாளை மறுநாள். ஒருவர் ஓம் என்ற சொல்லுக்காகக் கெஞ்சுகிறார். மற்றவர் பார்க்காமல் சொல்லமாட்டாராம். பார்ப்பதற்கு மாமி விடமாட்டாராம். இணையத்தில் இருக்கிறதே, அது போதாதா என்று நான் சத்தம் போட்டேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. தேவதாசன் எழுந்து, விடிய அதைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஆற்றில் போடப்போவதாகச் சொன்னார். காரில் ஏற்றினால் அது இன்னொரு குற்றம் என்றார் மாமா. தேவதாசன் திரும்பவும் உட்கார்ந்தார்.

மாமிதான் கேட்டார். "அந்தப் பிள்ளையள் எங்கை விளையாடுறதுகள்?"

"நிலவறையிலைதான் அக்கா. குளிர் தொடங்கீட்டுது."

மாமி முக்காடு போட்டு, ஒரு செபம் சொல்லி, மாதாவை இரண்டு கையாலும் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் மெழுகுதிரியைப் பிடித்தேன். மாமா பச்சைப் புத்தகத்தை உருவ, மேலே இருந்த இரண்டு படியும் சரிந்தன.

மாமா ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். எண் 1894-ஆம் ஆண்டு வரிசைக்குள் விழுந்தது. தேவதாசன் மூச்சு விட்டு எழுந்தார். மாமா எழவில்லை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த குறிப்பை வாசித்துவிட்டுச் சிசிலியிடம் மறுபடி பேசினார்.

"தங்கச்சி, நம்பருக்கு முன்னாலை சின்ன நட்சத்திரம் ஏதும் இருக்கோ?"

துணியால் துடைக்கும் சத்தம் கேட்டது. "ஓம் அண்ணை, ஒண்டு இருக்கு. அழுக்கெண்டு நினைச்சன்."

அந்தத் தொழிற்சாலை பிற்காலத்தில் எண்களை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கியபோது முன்னால் நட்சத்திரம் குத்தியிருக்கிறது. அடுத்த பக்கத்தில் அதற்குத் தனி அட்டவணை இருந்தது. ரைபிள் 1903-இல் செய்யப்பட்டது. இணையத்தில் எழுதிய மூவரும் நட்சத்திரத்தைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை.

"அஞ்சு வருசம்தானே அண்ணை."

"அஞ்சு வருசமும் வருசம்தான்."

தேவதாசன் இதைவிடப் புத்தகமே இல்லாமல் இருந்திருக்கலாம் என்றார். இல்லாவிட்டால் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் அதை வைத்துவிட்டு ஆய்வாளருக்குத் தேநீர் கொடுத்திருப்பீர்கள் என்றார் மாமா. வேறு வழியில்லை. பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்துப் பிரெஞ்சில் பேசும் வேலை என் தலையில் விழுந்தது. மாமா புத்தகத்தை எடுத்துக்கொண்டு தேவதாசனோடு வில்லரேக்குப் போனார். பொலிஸ் இரண்டு பேர் வந்தார்கள், எழுதினார்கள், ரைபிளைக் கொண்டுபோனார்கள். ஆண்டு எப்படித் தெரியும் என்று ஒருத்தி கேட்டாளாம். மாமா பக்கத்தைக் காட்ட, அதைப் படம் எடுத்துக்கொண்டாளாம். வியாழக்கிழமை சிசிலி நடந்ததை ஒளிக்காமல் ஆய்வாளரிடம் சொன்னார். அனுமதி புதுப்பிக்கப்பட்டது.

தேவதாசன் நன்றி சொல்லவில்லை. பேனாட் அண்ணையின் புத்தகம் தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்று கோயில் வாசலில் கதைத்திருக்கிறார்.

மாமி அன்றிரவே பீடத்தைத் திரும்பக் கட்டிவிட்டார். பச்சைப் புத்தகத்தை மாமாவின் கையிலிருந்து வாங்கி, துடைத்து, அதே அடிப்படியில் வைத்தார். இனி ஞாயிறுவரை உலகம் அழிந்தாலும் எடுக்க முடியாது என்றார்.

வெள்ளிக்கிழமை தேவதாசன் தொலைபேசி எடுத்தார். அதே சுவருக்குள் பிஸ்கட் தகரம் ஒன்று இருந்ததாம். உள்ளே தோட்டாக்கள். அன்றைக்குச் சொல்ல மறந்துவிட்டாராம். அது எந்த வருசம் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

மாமா பீடத்தைப் பார்த்தார். மாமி மாமாவைப் பார்த்தார்.

"அதுக்குப் புத்தகம் தேவையில்லை," என்றார் மாமா. "அதே பொலிஸ் நம்பருக்கு அடிக்கிறம்."

சொல்லிவிட்டுத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.