வால் வெட்டிய கப்

அவளுக்கு அந்தக் கப்பை வாங்கிக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், ஏதோ சாக்கு தேடிக்கொண்டு வந்து சொன்னதுபோல ஆகிவிடும்.

எங்கள் லைனில் அவளுக்குப் பெயர் பிசிரு. குழந்தைகள் சட்டை தைக்கிற தொழிற்சாலை அது. நாற்பத்திரண்டு பேர் ஒரு லைன். நான் கை சேர்க்கிற மெஷினில் உட்கார்ந்திருப்பேன். அவள் லைன் முடிகிற இடத்தில், இடுப்பு உயர மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இருப்பாள். தைத்து வரும் சட்டையில் எங்கெல்லாம் நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் வெட்டிவிட வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கிற நூலுக்குத்தான் பிசிர் என்று பெயர். ஒன்பது வருஷம் அதே மேசை, உள்ளங்கைக்குள் அடங்குகிற அதே மாதிரிச் சின்னக் கத்தரி.

ஒன்பது வருஷம் ஒரே வேலையைச் செய்தால் அது கையை விட்டுப் போகுமா? பஸ்ஸில் முன்னால் நிற்கிற ஆளின் காலரில் நூல் தொங்கினால் இவளுக்கு இருப்புக்கொள்ளாது. ஒருமுறை நிஜமாகவே வெட்டிவிட்டாள். அந்த ஆள் திரும்பி முறைத்த முறைப்பில், நான்தான் "தெரியாம பண்ணிட்டாங்க சார், கொஞ்சம் புத்தி சரியில்ல" என்று சொல்லிச் சமாளித்தேன். இறங்குகிற வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பதே அபூர்வம். கட்டடவேலை செய்த வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து நாலு வருஷமாகப் படுக்கை. மகள் நாலாவது படிக்கிறாள். அந்த வீட்டில் சம்பாதிக்கிற கை இவளுடையது மட்டும்தான். இந்த வேலை போனால் அந்த வீடு அவ்வளவுதான் என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மரப்பலகை. கழிப்பறைக்குப் போகிறவள் அதை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், ஏழு நிமிடத்துக்குள் திரும்பி வந்து மாட்ட வேண்டும். தாண்டினால் சுவரில் ஒட்டியிருக்கிற தாளில் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு. பலகை இல்லாமல் போனாலும் கோடு. சொல்லாமல் லீவு போட்டாலும் கோடு. ஒரு வருஷத்தில் மூன்று கோடு விழுந்தால் வெளியே போய்விட வேண்டியதுதான். எங்கள் சூப்பர்வைசர் எந்நேரமும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மணிக்கூண்டு.

பிசிருக்கு இரண்டு கோடு விழுந்திருந்தது. இரண்டுமே மாதவிலக்கு நாளில் விழுந்தவை. பிள்ளை பெற்றதிலிருந்து அவளுக்கு ரத்தப்போக்கு ரொம்ப அதிகம். இரண்டு மணிநேரத்துக்கு ஒரு பேடு மாற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் நூலாக வரும். பழையதைப் போட ஒரு கூடைகூடக் கிடையாது. காகிதத்தில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வர வேண்டும். இதெல்லாம் ஏழு நிமிடத்தில் முடியுமா? அந்தச் சட்டம் போட்டவனை ஒருநாள் அந்த அறைக்குள் தள்ளிப் பூட்ட வேண்டும்.

எனக்கும் இரண்டு கோடு. ஒன்று வயிற்றுப்போக்குக்கு, இன்னொன்று வாய்க்கொழுப்புக்கு.

நான் ஒரு வருஷமாக, பேடுக்குப் பதிலாக உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கிற கப் வைத்துக்கொண்டிருந்தேன். பெரிய மனுஷிபோல மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கிற இடத்துக்குப் பின்னால் அவளைக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தினேன். மருந்துக்கடையில் நானே வாங்கி வந்த புதுக் கப்பைக் கையில் கொடுத்தேன். ரப்பர் மாதிரி மெத்தென்று, சின்னப் புனல் போல இருக்கும். அடியில் ஒரு குட்டி வால்.

"இத தனியா ஒரு பாத்திரத்துல போட்டு அஞ்சு நிமிஷம் கொதிக்க வை. சமைக்கிற பாத்திரத்துல வெச்சிடாத தாயே. கைய நல்லா கழுவு. இப்படி ரெண்டா மடி, குந்தி உக்காந்து உள்ள வை. உள்ள போனதும் தானா விரிஞ்சுக்கும். ஒரு நாள் ஷிப்ட் பூரா தாங்கும்."

"எடுக்கிறது எப்படிக்கா?"

"வால் இருக்குல்ல? புடிச்சு இழு, வந்துடும்."

"குத்தாதா?"

"குத்துச்சுன்னா கொஞ்சம் வெட்டிக்கோ."

கொஞ்சம் என்று சொன்னேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு அந்த வார்த்தை ஞாபகம் இல்லை. கூடவே படம் போட்ட ஒரு தாளும் இருந்தது. "இதெல்லாம் படிச்சுக்கிட்டு உக்காந்திராத, நான் சொன்னதுதான் அதுலயும் இருக்கு" என்று அதையும் நானே வாங்கிக் கசக்கிப் போட்டேன். என் வாயில் கொள்ளியை வைக்க.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வைத்துக்கொண்டு வந்தாள். அன்று முழுக்க ஒரு தடவைகூடப் பலகையைத் தொடவில்லை. சாயங்காலம் வாசலில் என் தோளைத் தட்டி, "அக்கா, இன்னைக்கு நான் நிம்மதியா நின்னேன்க்கா" என்றாள். அந்தக் கப்பை நானே கண்டுபிடித்ததுபோல எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதன்கிழமை காலையில் வந்தவளைப் பார்த்தால் முகத்தில் ரத்தமே இல்லை. டீ இடைவேளையில் என்னை அட்டைப்பெட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, வரல."

"என்ன வரல?"

"அதுதான்க்கா. நேத்து வெச்சது. இன்னும் உள்ளதான் இருக்கு. நெரம்பி வழியுது, பேடும் வெச்சிருக்கேன்."

நேற்று விடியற்காலையில் வைத்தது. ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று நான் கசக்கிப் போட்ட அந்தத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்.

ஆறு குடித்தனத்துக்கு ஒரே குளியலறை உள்ள இடத்தில் அவள் வீடு. நேற்றுச் சாயங்காலம் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறாள். விரலால் தேடத் தேட அது வழுக்கி மேலே போயிருக்கிறது. வெளியே ஒருத்தி வாளியோடு நின்று, "உள்ள குடித்தனம் நடத்துறியா?" என்று கதவைத் தட்டியிருக்கிறாள். காலையில் மறுபடியும் முயற்சி, மறுபடியும் அதே கதைதான்.

"வாலப் புடிச்சு இழுக்க வேண்டியதுதானேடி!"

"வால் இல்லக்கா."

"எங்க போச்சு?"

"வெட்டிட்டேன்."

"எவ்ளோ?"

"முழுசா." குரல் உள்ளே போய்விட்டது. "குத்துச்சு. நீங்க வெட்டிக்கோன்னு சொன்னீங்க. வெளிய எடுத்துக் கத்தரியப் போட்டேன். பாதி வெட்டினா பிசிராட்டம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அதனால ஒட்ட வெட்டிட்டேன்."

வேறு யாராவது இப்படிச் செய்வார்களா? இவள் கை செய்யும். தலையில் அடித்துக்கொண்டேன்.

"அக்கா, அது நெஞ்சுக்கு ஏறிடுமா?"

"அடிப்பாவி, அதுக்கு மேல போக வழியே கிடையாது. பயப்படாத." தைரியமாகத்தான் சொன்னேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. காய்ச்சலா, இல்லை என் கைதான் சில்லிட்டுக் கிடக்கிறதா, ஒன்றும் புரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். இப்போது கிளம்பினால் சொல்லாமல் போட்ட லீவு, மூன்றாவது கோடு. "சாயங்காலம் வரைக்கும் தாங்கிக்கிறேன்க்கா" என்றாள். தாங்கிக்கொள்வாளாம். சாயங்காலத்துக்குள் இவளுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பாவம் யார் தலையில்? படுத்துக் கிடக்கிற மனுஷன் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

பதினொரு மணிக்கு மணிக்கூண்டு துணி வெட்டுகிற பகுதிக்குப் போவார். அப்போது அவள் பலகையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், நான் பெட்டி அடுக்கியிருக்கிற பக்கத்துக் கதவு வழியாகப் பலகை இல்லாமல் போக வேண்டும். இதுதான் ஏற்பாடு. அதுவரைக்கும் வெறி பிடித்தவள்போலத் தைத்து, எனக்கு அடுத்த மெஷினுக்கு நாலு கட்டு சேர்த்து வைத்தேன்.

கழிப்பறையில் நாலு தடுப்பு. இரண்டில் தாழ்ப்பாள் கிடையாது. தாழ்ப்பாள் உள்ள இரண்டிலும் ஆள். தாழ்ப்பாள் இல்லாத ஒன்றில் அவள் நுழைந்தாள். நான் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா தாழ குந்து. இன்னும் தாழ."

"குந்திட்டேன்க்கா."

"மூச்ச அடக்காத, விடு. உடம்ப இறுக்கினா அது இன்னும் மேலதான் போகும்."

"கைக்கு எட்டலக்கா." அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அழாத. புள்ள பெத்தப்ப முக்கினல்ல? அதே மாதிரி முக்கு."

தாழ்ப்பாள் போட்ட தடுப்புகளிலிருந்து இரண்டு பேரும் வெளியே வந்து, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். வேறு லைன்காரிகள். எனக்கென்ன என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பட்டுச்சுக்கா! அதோட அடி விரல்ல பட்டுச்சு! ஐயோ, வழுக்குது."

"இழுக்காத!" என்று கத்தினேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் என்றைக்குமே அதை இழுத்து எடுத்ததில்லை. வாலைப் பிடித்துக் கொஞ்சம் கீழே கொண்டுவந்து, அடியை இரண்டு விரலால் அமுக்கிவிட்டுத்தான் எடுப்பேன். மாதாமாதம் என் விரல் செய்கிற வேலை அது. அதை அவளுக்குச் சொல்ல என் வாய்க்குத் தோன்றவே இல்லை.

"அடிய ரெண்டு விரலால புடிச்சு அமுக்கு. உள்ள காத்து போனா பிடி விட்டுடும். அப்புறம் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே இறக்கு. அவசரப்படாத."

"நேரம் ஆச்சுக்கா. நான் வெளிய வந்துடுறேன். அப்புறமா பாத்துக்கலாம்."

"வெளிய வந்த, கால ஒடச்சிடுவேன். முக்குடி!"

ஏழு நிமிடம் எப்போதோ போய்விட்டது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒரு முனகல், ஒரு மூச்சு, மறுபடி முனகல். கடவுளே, கடவுளே என்று நான் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். திடீரென்று "அம்மா!" என்றொரு சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

"என்னடி? என்னாச்சு? பேசித் தொலை!"

"வந்துடுச்சுக்கா."

கதவைத் திறந்தேன். உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு, கை முழுக்க ரத்தமாக, தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன். நான் அவளைக் கட்டிப்பிடிக்க, அவள் ரத்தக்கையைத் தள்ளி நீட்டிக்கொண்டே, "அக்கா, யூனிபார்ம், யூனிபார்ம்" என்றாள். அந்த நேரத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

"நல்லா கழுவிட்டு, தரையில தண்ணி ஊத்திட்டு வா. நான் முன்னாடி போறேன்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே நழுவி என் மெஷினில் வந்து உட்கார்ந்தேன். ஒரு ஈ, காக்கைகூடக் கவனிக்கவில்லை. தப்பித்தோம்டா சாமி என்று நினைத்தேன். தப்பித்தது நான் மட்டும்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவள் முன்வாசல் வழியாக வந்தாள். மணிக்கூண்டு பலகை மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எத்தன நிமிஷம்?"

"தெரியல சார்."

"பதினெட்டு. என்ன விஷயம்?"

பெட்டி கட்டுகிற ஆம்பிளைகள் கையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். ஒன்றன் பின் ஒன்றாக மெஷின்கள் நின்றன.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போனால் எனக்குச் சுலபம். ஆனால் அவர் அன்று மெதுவாகத்தான் கேட்டார். "உடம்பு சரியில்லையாம்மா? முகம் ஒரு மாதிரி இருக்கு. உடம்புக்கு முடியாமப் போயிருந்தா கோடு போட மாட்டேன். ஆனா லைன்ல யாராவது ஒருத்தர், நான் பாத்தேன், அவளுக்கு முடியலன்னு சொல்லணும். மேல இருந்து அப்படித்தான் உத்தரவு." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "யாராச்சும் பாத்தீங்களா?"

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஒன்பது பேச்சுப் பேசுகிறவள் நான். பார்த்தேன் சார், அவளுக்கு முடியல. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் நீ எப்படிப் பார்த்தாய், பலகை அவளிடம்தானே இருந்தது என்று கேட்பார். என் பெயருக்கு நேரே மூன்றாவது கோடு விழும். என் வீட்டிலும் நாலு வாய் இருக்கிறது. இதெல்லாம் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் நான் எழுந்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பொய்யாகவும் இருக்கலாம்.

"யாரும் பாக்கல சார்" என்றாள். "நான் தனியாத்தான் இருந்தேன்."

அவர் இன்னும் நின்றார். காத்திருந்தார், பாவி மனுஷன், எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முகத்துக்கு வருவதற்குள் நான் தலையைக் குனிந்து மெஷினை மிதித்தேன். ஊசிக்கு அடியில் துணியே இல்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் பின்னால் இருந்தவள் மிதித்தாள், அவளுக்குப் பின்னால் இருந்தவளும் மிதித்தாள், லைன் முழுக்க மறுபடியும் ஓட ஆரம்பித்தது. அவர் பேனாவை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போனார்.