கேட்டது நான், பதில் சாருக்கு

போன ஆவணியில் முகூர்த்தங்கள் நெருக்கியடித்த நேரம். பொன்னமராவதியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. ஞாயிறன்று சிங்கப்பூர் கிளம்பும் மணப்பெண், வீடியோவைக் கையோடு கொண்டுபோகக் காத்திருந்தாள். கொடுக்காவிட்டால், வீட்டில் இருக்கும் பொம்பளையிடம் கொடுத்தால் இப்படித்தான் என்று பேசுவார்கள். அடுத்த கல்யாணம் என்னிடம் வராது.

என் கணவர் லோடு வண்டி ஓட்டுபவர். அவருடைய பைக்கில் புதுக்கோட்டைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்து வைத்தது புது மாடல் போர்டு.

"என் பிராசசர் பழசுங்க, ஏழாவது ஜெனரேஷன். இந்த போர்டு அதை ஏத்துக்குமா? பார்த்துச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்து, "அதெல்லாம் கச்சிதமா உக்காந்துரும் சார்" என்றார்.

உட்காருவது வேறு, ஓடுவது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் பதில் சாருக்குத்தான் போனது. சாரோ, பந்தியில் சாம்பார் ஊற்றுபவரிடம் போதும் என்று தலையாட்டுவதுபோல, "சரிங்க, சரிங்க" என்றார். போனில் நானே பார்த்துவிடலாம் என்றால் கடைக்குள் சிக்னல் இல்லை. அதற்குள் பில் போட்டாயிற்று, அவர் பெயரில்.

வீட்டில் மாட்டினேன். பிராசசர் கச்சிதமாகத்தான் உட்கார்ந்தது. திரையில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. அந்த போர்டு ஏற்கும் பிராசசர்களின் பட்டியலை போனில் தேடிப் பார்த்தால், எட்டாவது ஜெனரேஷனுக்குக் கீழே எதுவும் இல்லை.

மறுநாள் போர்டையும் பிராசசரையும் எடுத்துக்கொண்டு, கடை திறந்ததும் போய் நின்றோம். "பிராசசரைத் தப்பா மாட்டியிருப்பாங்க சார். நேத்து நீங்கதானே சரின்னீங்க?" என்றார் கடைக்காரர்.

"உங்க மேசையிலயே மாட்டுங்க, நான் பாக்குறேன்" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மாட்டினார். கறுப்புத் திரை. பட்டியலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். உள்ளே போய்ப் பழைய மாடல் போர்டு ஒன்றை எடுத்து வந்தார். ஓடியது. மன்னிப்பாக ஒரு வார்த்தை கிடையாது. "இப்ப ஓகேவா சார்?" என்று கேட்டார், அதுவும் என் கணவரிடம்!

திரும்பும் வழியில் கேட்டேன், "ஏங்க, புரியாமலே எதுக்குச் சரின்னீங்க?"

"பேசுற மனுசன் மொகத்துல அடிச்சாப்ல ஆயிறக் கூடாதுல்ல?"

"அப்ப என் மொகம்?"



வீடியோவை ஞாயிறு காலையிலேயே கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் அவரை பைக்கோடு வெளியே நிறுத்திவிட்டுத்தான் கடைக்குள் போகிறேன். பதில் நேராக எனக்கு வருகிறது. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு எனக்கே பதில் கிடைக்க அவர் வெளியே நிற்க வேண்டியிருக்கிறதே, அந்த ஆத்திரம் மட்டும் இன்னும் ஆறவில்லை.